ஓங்கு ஜீன், ஒடுங்கு ஜீன்: பாதி போதுமா என்ற கேள்வியின் கதை

"எங்க வம்சத்துலயே இப்படி ஒரு வியாதி யாருக்கும் கிடையாதே டாக்டர்!"

பிறவி நோயோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்களில் இந்த வரியைக் கேட்காத மருத்துவர் இருக்க முடியாது. பெரும்பாலும் சொல்பவர் குழந்தையின் அப்பாவைப் பெற்ற பாட்டி. சொல்லி முடித்ததும் ஒரு பார்வை மருமகள் பக்கம் போகும். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு ரகமும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தக ஞாபகத்தில், "அப்போ என் ஜீன் ஓங்கு, அவளோடது ஒடுங்கு, அப்படித்தானே சார்?" என்று கேட்கும் அப்பாக்கள். ஏதோ குஸ்தியில் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி ஒரு தொனி.

ஓங்கு, ஒடுங்கு என்ற வார்த்தைகள் செய்யும் வேலை இது. ஒரு ஜீன் இன்னொரு ஜீனை அடக்கி உட்கார வைக்கிறது என்ற படத்தை மனதில் பதித்துவிடுகின்றன. உண்மையில் செல்லுக்குள்ளே அப்படி யாரும் யாரையும் அடக்குவதில்லை (ஒரு விதிவிலக்கு உண்டு, கடைசிப் பக்கம் வரும்). அப்புறம் என்னதான் நடக்குது? அதைக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நீளமான இழைதான், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

மெண்டலிடமிருந்து தொடங்குவோம். இன்றைய செக் நாட்டில் உள்ள புருனோ நகரம், அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அங்கே ஒரு மடாலயத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளோடு மல்லுக்கட்டினார் அந்தப் பாதிரியார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தார். பிறந்ததெல்லாம் உருண்டை. சுருக்கம் காணாமலே போச்சு. அந்த உருண்டைகளை விதைத்துத் தம்மோடு தாமே சேர விட்டார். 7,324 விதைகள் கிடைத்தன. 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். வகுத்துப் பாருங்க: 2.96-க்கு 1.

ஒரு தலைமுறை முழுக்கக் காணாமல் போன சுருக்கம், எந்தக் குறையும் இல்லாமல் பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. முன்னால் தெரிவதை ஓங்கு என்றும், பின்வாங்கி ஒளிந்துகொள்வதை ஒடுங்கு என்றும் அவர் பெயர் வைத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அவர் பெயர் வைத்தது கண்ணுக்குத் தெரிந்த பண்புக்கு. ஜீன் என்ற சொல்லே 1909-ல்தான் பிறந்தது. உருண்டை ஏன் ஓங்குகிறது என்று அவர் விளக்கவில்லை, விளக்க அன்றைக்கு வழியும் இல்லை. 1866-ல் கட்டுரை அச்சாகி, பெரிதாக யாரும் சீந்தாமல், 1884-ல் அவர் இறந்தும் போனார். 1900-ல்தான் உலகம் அதைத் தூசு தட்டி எடுத்தது.

எடுத்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள் விஷயம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் ஆர்ச்சிபால்ட் கேரட், லண்டன் மருத்துவர். எனக்கு மிகப் பிடித்த மருத்துவர்களில் ஒருவர்.

அல்கேப்டனூரியா என்று ஒரு அபூர்வ நோய். சிறுநீர் காற்றுப் பட நேரமாக ஆக கறுத்துப் போகும். குழந்தையின் துணியில் கறுப்புக் கறை. பிற்காலத்தில் மூட்டுகளும் முதுகெலும்பும் பாதிக்கப்படும். குடலில் ஏதோ கிருமி செய்யும் வேலை என்பதுதான் அன்றைய நம்பிக்கை. கேரட்டின் பார்வையில் இருந்த ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இந்தச் சிக்கல் இருந்தது. அதே தாய்க்கு 1901 மார்ச்சில் அடுத்த குழந்தை. குழந்தையின் துணிகளைக் கவனமாகப் பார்க்கும்படி செவிலியரிடம் சொல்லி வைத்தார். பிறந்த 52-வது மணி நேரத்தில் கறை தெரிந்தது. இரண்டு நாள் குழந்தைக்குக் கிருமி எப்போது வந்தது? இது பிறவியிலேயே வந்த ரசாயனக் கோளாறு என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். பெற்றோர் சொந்தமா? ஆமாம், பெரியப்பா சித்தப்பா, அத்தை மாமா பிள்ளைகளைப் போன்ற நேர் ஒன்றுவிட்ட உறவு. மற்ற நோயாளிகளின் குடும்பங்களைத் தேடினால் அங்கேயும் இதே கதை அடிக்கடி வந்தது. பெற்றோருக்கோ நோய் இல்லை. இதைக் கேள்விப்பட்ட கேம்பிரிட்ஜ் வில்லியம் பேட்சன், "இது மெண்டலின் ஒடுங்கு பண்பு மாதிரியே இருக்கே" என்று சொல்ல, 1902-ல் கேரட் அதை எழுதினார். மனித நோய் ஒன்றுக்கு மெண்டலின் கணக்கு பொருந்தியது அதுதான் முதல் முறை.

அதோடு நிற்கவில்லை. உணவிலிருந்து வரும் டைரோசின் என்ற பொருள் படிப்படியாக உடைக்கப்படும்போது, நடுவில் ஒரு படி நின்றுபோவதால்தான் அந்தக் கறுப்புப் பொருள் தேங்குகிறது, அந்தப் படியைச் செய்யும் நொதி இவர்களிடம் இல்லை என்றார். அந்த நொதி நோயாளியின் கல்லீரலில் உண்மையிலேயே இல்லை என்று நிரூபிக்கப்பட்டது 1958-ல். அரை நூற்றாண்டு முன்னாலேயே மனுஷன் சொல்லிட்டுப் போயிட்டார்.

இப்போ பாட்டியின் வரிக்கு வருவோம். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. (எக்ஸ் குரோமோசோமில் உள்ளவை வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதறேன்.) ஒடுங்கு நோய் வர இரண்டுமே பழுதாக இருக்கணும். அதாவது இரண்டு வம்சமும் பங்களித்திருக்கணும். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல" என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஜீன் ஏழெட்டுத் தலைமுறையாக ஒற்றைப் பிரதியாக, சத்தமில்லாமல் அதே வம்சத்தில் வந்துகொண்டிருந்திருக்கும். மருமகளை மட்டும் பார்க்க ஒரு நியாயமும் இல்லை.

சரி, ஒரு நல்ல பிரதி இருந்தால் ஏன் நோய் வருவதில்லை? பேட்சனும் அவர் சகா பன்னெட்டும் ஒரு எளிய பதில் வைத்திருந்தார்கள். ஓங்கு என்றால் ஒரு பொருள் "இருக்கிறது", ஒடுங்கு என்றால் "இல்லை". இருப்பும் இல்லாமையும், அவ்வளவுதான். பின்னால் இதைப் பலர் கேலி செய்து ஓரங்கட்டினார்கள். எனக்கென்னவோ பாதி சரியாகவே ஊகித்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் பாக்கெட்டில் இருக்கும் உதாரணம்: ரத்த வகை. ஏ ஜீன் ஒரு நொதியைச் செய்யும், அது சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டும். பி ஜீன் சற்றே மாறிய நொதி, அது வேறொரு சர்க்கரையை ஒட்டும். ஓ ஜீனில் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. அதனால் வாசகம் குழம்பி, வேலை செய்யும் நொதியே உருவாகாது. ஏ-யும் ஓ-வும் சேர்ந்தால் ஏ வகை. ஏ போய் ஓ-வை அடக்கவில்லை. ஓ எதையும் ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் இரண்டும் ஒட்டும், ஏபி. இது 1990-ல் டி.என்.ஏ அளவில் தெளிவானது.

"ஒடுங்குன்னா கொஞ்ச பேருக்குத்தானே இருக்கணும்?" இல்லை. ஓ ஒடுங்கு, ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கும் வகையே அதுதான். இந்தக் குழப்பம் அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்களுக்கும் இருந்தது. 1908-ல் பன்னெட் லண்டனில் பேசியபோது, குட்டை விரல் என்ற ஓங்கு பண்பு நாளடைவில் நாடு முழுக்கப் பரவ வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. பதில் தெரியாத பன்னெட், தன்னோடு கிரிக்கெட் ஆடும் ஒரு கணித நண்பரிடம் கேட்டார். அவர் இது பெருக்கல் வாய்ப்பாடு அளவுக்கான கணக்குதானே என்கிற தொனியில் ஒரு சின்னக் கடிதம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஓங்கு என்பதற்காக எதுவும் பரவாது, ஒடுங்கு என்பதற்காக எதுவும் அழியாது. அந்த நண்பர் ஜி. எச். ஹார்டி. ஆமாம், ஐந்து வருஷம் கழித்து மெட்ராஸிலிருந்து ராமானுஜன் எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே ஹார்டி! (ஸ்டட்கார்ட் நகர மருத்துவர் வைன்பெர்க் அதே வருஷம் தனியாக அதையே கண்டுபிடித்தார். அதனால் இரண்டு பேர் பெயரும் சேர்த்துத்தான் அந்த விதி.)

அந்தக் கணக்கு நமக்குச் சொல்வது என்ன தெரியுமா? 10,000 பேரில் ஒருவருக்கு வரும் ஒடுங்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர்கள் ஏறக்குறைய 50 பேரில் ஒருவர். ஒரு நோயாளிக்குச் சுமார் 200 பேர் சுமக்கிறார்கள், தெரியாமலே. இப்படி எத்தனையோ நோய்கள். ஆக நம்மில் எல்லாருமே ஏதோ ஒன்றிரண்டைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். சொந்தத்தில் கட்டும்போது இருவரும் அதே பிரதியை வைத்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளை விட அக்கா மகளைக் கட்டும்போது அது இன்னும் இரு மடங்கு.

மீண்டும் கேள்விக்கு. பாதி நொதி எப்படி முழு வேலையைச் செய்கிறது?

1928-ல் ரொனால்ட் ஃபிஷர், புள்ளியியலின் பெரிய மூளை, ஒரு விளக்கம் தந்தார். புதிதாகத் தோன்றும் பழுதுகள் ஆரம்பத்தில் ஒடுங்கு இல்லை, பாதிப்பைக் காட்டத்தான் செய்தன. காலப்போக்கில் வேறு ஜீன்கள் வந்து அந்தப் பாதிப்பை மறைக்கும்படி பரிணாமம் ஏற்பாடு செய்தது என்றார். அமெரிக்காவின் சீவால் ரைட் மறுத்தார். அவர் கினி பன்றிகளின் ரோம நிறத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர், நொதிகளோடு பழகியவர். பரிணாமம் தனியாக வந்து ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, நொதிகள் வேலை செய்யும் விதமே அப்படி, பாதியாகக் குறைத்தாலும் விளைச்சல் அதிகம் குறையாது என்றார். இருவரும் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை.

தீர்ப்பு வந்தது 1981-ல். எடின்பரோவின் ஹென்ரிக் காக்சரும் ஜேம்ஸ் பர்ன்ஸும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதை நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் வைத்துச் சொல்கிறேன். இலை போட இரண்டு பேர், சாதத்துக்கு இரண்டு பேர், சாம்பாருக்கு இரண்டு பேர், ரசம், மோர், பாயசம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு பேர். சாம்பார்காரர்களில் ஒருவர் வரவில்லை. என்ன ஆகும்? அவருக்கு முன்னால் காத்திருக்கும் இலைகள் கொஞ்சம் கூடும், இருக்கும் ஒருவர் சும்மா நிற்காமல் வாளியோடு ஓடுவார். பந்தி முடிகிற நேரம் பெரிதாக மாறாது. ஏனென்றால் மொத்த வேகம் சாம்பார்காரர் ஒருவர் கையில் இல்லை, எல்லாரிடமும் பிரிந்து கிடக்கு. வரிசை நீள நீள, ஒருவர் குறைவது இன்னும் தெரியாது. இரண்டு பேருமே வரவில்லை என்றால்தான் பந்தி நிற்கும். அதுதான் ஒடுங்கு நோய்.

ஃபிஷர் பக்கம் இன்னொரு ஆணியும் அடிக்கப்பட்டது. ஒருவகைப் பாசி தன் வாழ்க்கையின் பெரும்பகுதியை ஜீனுக்கு ஒற்றைப் பிரதியோடே கழிக்கிறது. அதனிடம் "மறைக்கும் ஏற்பாடு" பரிணமிக்க வாய்ப்பே இல்லை. செயற்கையாக இரட்டைப் பிரதி உள்ளதாக்கிப் பார்த்தாலும் பழுதுகள் ஒடுங்கவே செய்கின்றன என்று 1991-ல் ஆலன் ஆர் எடுத்துக்காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் மெண்டலின் பட்டாணியும் பேசியது. 1990, இங்கிலாந்தின் நாரிச், ஜான் இன்னஸ் ஆய்வகம். மதன் பட்டாச்சார்யாவும் கேத்தி மார்ட்டின் உள்ளிட்ட குழுவினரும் சுருக்கத்தின் ஜீனைப் பிடித்துவிட்டார்கள். மாவுச்சத்தைக் கிளை கிளையாக விரியச் செய்யும் நொதி ஒன்று. அதன் ஜீனுக்கு நடுவில் சுமார் 800 எழுத்து நீளத்துக்கு ஒரு தாவும் டி.என்.ஏ துண்டு வந்து சொருகிக்கொண்டு கெடுத்திருக்கு. கிளை மாவுச்சத்து குறைந்தால் சர்க்கரை விதையிலேயே தங்கும், சர்க்கரை தண்ணீரை இழுக்கும், விதை உப்பும். காயும்போது தண்ணீர் போக, தோல் சுருங்கிவிடும். சுருங்கிய பட்டாணி ஏன் தித்திக்கிறது என்பதற்கும் இதே பதில்தான்.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது 1908-ல் டார்பிஷயர் செய்தது. மெண்டலின் கலப்பு விதைகள் வெளியே பார்க்க அசல் உருண்டை. அவர் அவற்றை நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே இருக்கும் மாவுத் துகள்களைப் பார்த்தார். அவை உருண்டை விதையின் துகள் போலவும் இல்லை, சுருங்கிய விதையின் துகள் போலவும் இல்லை, இடைப்பட்டு இருந்தன! கண்ணால் பார்த்தால் ஓங்கு. நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்குப் பாதி. ஓங்குதல் நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று அந்தப் பட்டாணி அன்றைக்கே சொல்லிவிட்டது.

அப்படியென்றால் ஓங்கு நோய்கள் எப்படி வருகின்றன? ஒரு நல்ல பிரதி இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? இரண்டை மட்டும் சொல்றேன்.

முதலாவது, பாதி போதாத இடங்கள். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. டல்லாஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1970-களில் காரணத்தைக் கண்டுபிடித்து 1985-ல் நோபல் வாங்கினார்கள். ரத்தத்திலிருந்து எல்.டி.எல் கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் செல்லின் மேல் இருக்கும். ஒரு பிரதி பழுது என்றால் வாங்கிகள் பாதி. தெருவில் இரண்டு குப்பை வண்டிக்குப் பதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்ததும், அந்த ஒரு வண்டியே தினமும் பழைய அளவை அள்ளிவிடும். கணக்கு சரியாயிடும். ஆனால் தெருவில் எப்போதும் இரண்டு மடங்கு குப்பை கிடக்குமே? பந்தியிலும் இதேதான் நடந்தது, சாம்பாருக்குக் காத்திருக்கும் இலைகள் கூடின. அங்கே அந்தக் காத்திருப்பு யாருக்கும் கேடில்லை. இங்கே தேங்கி நிற்பதே ரத்தக் குழாயை அடைக்கிறது. அதனால் ஒரே பிரதி பழுதே நோயாகிறது. இரண்டும் பழுது என்றால் சிறுவயதிலேயே மாரடைப்பு வரும்.

சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த ஒற்றைப் பழுது உண்டு. அப்பாவுக்கு 40 வயதில் மாரடைப்பு, சித்தப்பாவுக்கு 42-ல் என்று கேட்டால், "அவங்க ரொம்ப டென்ஷன் பார்ட்டி சார்" என்று பதில் வரும். பெரியவர்களுக்கு எல்.டி.எல் 190-க்கு மேல் இருந்தால் சந்தேகப்படணும், பிள்ளைகளுக்கும் பார்க்கணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 2-க்கு 1. நல்ல மருந்து இருக்கிற பரம்பரை நோய் இது.

இரண்டாவது, நான் முன்னால் சொன்ன விதிவிலக்கு. இங்கே கெட்டது நல்லதை உண்மையிலேயே கெடுக்கிறது. எலும்பின் கொலாஜன் மூன்று இழை சேர்த்துப் பின்னிய சடை மாதிரி. அதில் இரண்டு இழை ஒரே ஜீனிலிருந்து வரும். அந்த ஜீனில் ஒரு பிரதி கோணலான இழையைச் செய்தால்? இரண்டு இடத்திலும் நல்ல இழை வந்து அமையும் வாய்ப்பு 4-ல் 1 மட்டுமே. நல்ல இழை பாதி இருந்தும், சடையில் முக்கால்வாசி கெட்டுப்போகிறது. லேசாக இடித்தாலே எலும்பு முறியும் குழந்தைகள் இப்படித்தான் பிறக்கிறார்கள். இதில் விசித்திரம், அந்தப் பிரதி ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தால் நோய் லேசாகத்தான் இருக்கும். சடை பாதியாகக் குறையும், ஆனால் இருப்பதெல்லாம் நல்ல சடை. அரைகுறையாக வேலைக்கு வருவதை விட லீவு போட்டால் நல்லது என்ற நிலைமை.

இந்தக் கடுமையான வகைகளில் பலமுறை அந்த மாற்றம் அந்தக் குழந்தையில்தான் புதிதாகத் தோன்றியிருக்கும். அங்கேயும் "எங்க வம்சத்துல இல்லையே" உண்மைதான். உங்க வம்சத்திலும் இல்லை, அவங்க வம்சத்திலும் இல்லை.

கடைசியாக, டார்பிஷயரின் பட்டாணி மனித ரத்தத்தில் திரும்ப வந்த கதை. கதிர் அரிவாள் ரத்தசோகை. 1923-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இது ஓங்கு என்றார்கள். 1949-ல் ஜேம்ஸ் நீல் இது ஒடுங்கு என்றார். யார் சொன்னது சரி? இருவரும். முதலில் சொன்னவர்கள் பார்த்தது, ஆக்ஸிஜன் குறைந்த கண்ணாடித் தகட்டில் சிவப்பணு அரிவாளாக வளைகிறதா என்பதை. அதற்கு ஒரு பிரதியே போதும். நீல் பார்த்தது நோயை. அதற்கு இரண்டு வேணும். அதே 1949-ல் லைனஸ் பாலிங்கின் குழு ஹீமோகுளோபினையே மின்புலத்தில் ஓடவிட்டது. ஒற்றைப் பிரதிக்காரரிடம் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்த அளவில் ஓங்கலும் இல்லை, ஒடுங்கலும் இல்லை. 1954-ல் ஆலிசன், ஒற்றைப் பிரதி கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது என்றும் காட்டினார்.

இந்தக் கதையில் நம் மண்ணும் உண்டு. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதே மாற்றத்தைக் கண்டு எழுதினார்கள். இன்றும் அந்த மலைகளில் இது ஒரு நிஜமான பிரச்சினை. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்கத்தில் பல மாநிலங்களில் பழங்குடி மக்களுக்குப் பரிசோதனை செய்து, யார் நோயாளி, யார் கேரியர் என்று அட்டை கொடுக்கிறார்கள்.

அட்டையில் கேரியர் என்று இருந்தால் அரை நோயாளி என்று ஊர் பேசுகிறது. பெண் கொடுக்க, எடுக்கத் தயங்குகிறது. அதனால் அட்டையை ஒளித்து வைக்கிறார்கள், ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது. கேரியரின் ரத்தத்தில் சுமார் 40 சதவீதம் மாறிய ஹீமோகுளோபின், மீதி பெரும்பாலும் சாதாரணமானது. அன்றாட வாழ்க்கைக்கு அது போதும், சிகிச்சை எதுவும் வேண்டாம். பார்க்க வேண்டியது துணையின் ரத்தத்தை. கல்யாணத்துக்கு முன்னாலோ, கர்ப்பத்தின் ஆரம்பத்திலோ ஒரு தடவை. இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-ல் 1 வாய்ப்பு, அதற்கு என்ன செய்யலாம் என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம். துணைக்கு இந்த மாற்றமோ, தலசீமியா மாதிரியான வேறு ஹீமோகுளோபின் மாற்றமோ இல்லை என்றால், பிறக்கும் குழந்தைக்கு இந்த நோய் வராது.